காத்மாண்டுவுக்குக் கொண்டுபோன பதினான்கு பெட்டிகள்

சத்துவாச்சாரியில் மருந்தாளுநராக இருக்கும் நான், 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்ட அடுத்த வாரம், வேலூரைச் சேர்ந்த நான்கு மருத்துவர்களோடு காத்மாண்டு சென்றேன். திரிபுவன் விமான நிலையத்தில் இருந்தது ஒரே ஓடுபாதை. பல நாட்டு விமானங்களும் உதவிப் பொருளோடு அதில் இறங்கக் காத்திருந்ததால், எங்கள் விமானம் வானில் வட்டமடித்துவிட்டுத் தில்லிக்கே திரும்பி, மறுநாள்தான் தரையிறங்கியது.

வெளிநாட்டு மருத்துவக் குழுக்களைப் பதிவுசெய்யும் மேசையில் ஓர் அம்மையார் படிவத்தை நீட்டினார். ஒரு நாளில் எத்தனை புறநோயாளிகளைப் பார்க்க முடியும், கூடாரம் உண்டா, உணவும் குடிநீரும் எத்தனை நாளுக்குக் கையிருப்பில் உள்ளன, வண்டிக்கு என்ன ஏற்பாடு, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மருத்துவர்களின் எண்ணிக்கையைத் தவிர வேறெதற்கும் எங்களிடம் பதில் இல்லை. "உயிர் ஊசலாடும் நேரத்தில் படிவமா?" என்று எங்கள் மூத்த மருத்துவர் கொதித்தார். எனக்கும் அன்று அதே கோபம்தான். சோற்றுக்கும் படுக்கைக்கும் வழியில்லாமல் போகும் குழு, இடிந்த ஊரில் மிஞ்சியிருக்கும் அரிசியில்தான் கைவைக்கும் என்பது மலையேறிய இரண்டாம் நாள் புரிந்தது.

நாங்கள் கொண்டுபோன மருந்துப் பெட்டிகளின் கதை இன்னும் மோசம். நன்கொடையாகச் செல்லும் மருந்து அந்த நாட்டைச் சேரும்போது காலாவதிக்கு ஓராண்டாவது மீதமிருக்க வேண்டும், நிறுவனம் வைத்த வணிகப் பெயர் மட்டுமல்லாமல் மருந்தின் பொதுப் பெயரும் தெளிவாக அச்சிட்டிருக்க வேண்டும், நோயாளியிடமிருந்து திரும்பி வந்ததாக இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. படித்த பாடம்தான், அவசரத்தில் மறந்துவிட்டேன். பதினான்கு பெட்டிகளில் ஐந்தே தேறின. மற்றவற்றில் பெயர் இருந்த பகுதி வெட்டப்பட்ட பாதி அட்டைகளும், "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று என் கையெழுத்திலேயே தமிழில் எழுதிய காகித உறைகளும் கிடந்தன. அவற்றைத் தரம் பிரிக்க நேபாள மருந்தாளுநர்கள் இருவர் அரை நாள் செலவிட்டார்கள். அந்த அரை நாளை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

நாங்கள் போகக் கேட்டது சௌதாரா என்ற மலையூர். அங்கே ஏற்கெனவே குழுக்கள் இருந்ததால், மருத்துவரே எட்டிப்பார்க்காத வேறொரு கிராமத்தை ஒதுக்கினார்கள். ஒவ்வொரு மாலையும் எலும்பு முறிவு எத்தனை, வயிற்றுப்போக்கு எத்தனை என்று கணக்கனுப்பச் சொன்னார்கள். கொள்ளைநோய் தலைகாட்டினால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கணக்குதான்.

*

சத்துவாச்சாரி நண்பர் எழுதியதைப் படித்ததும் நாகப்பட்டினம் நினைவுக்கு வந்தது. நான் இராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தவன். வெளிநாட்டாரோடு ஆங்கிலம் பேசிப் பழகியவன் என்பதால், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் சென்றார்கள். வெளிநாட்டு அரசுகளின் உதவியை இந்தியா அப்போது முதலில் ஏற்கவில்லை என்றாலும், தொண்டு நிறுவனங்கள் ஏராளமாக வந்திருந்தன. சாலையோரம் பழந்துணி குவியலாகக் கிடந்தது. நாகையின் புழுக்கத்தில் கம்பளிச் சட்டையை யார் போடுவார்கள்?

ஒரு குப்பத்தில், மகனைப் பறிகொடுத்த மூதாட்டியிடம் நான் கணக்கெடுப்புப் படிவத்தைப் பிரித்ததும், "நேத்து வந்தவங்ககிட்டச் சொன்னேன், முந்தாநாள் வந்தவங்ககிட்டயும் சொன்னேன், எத்தினி வாட்டி தம்பி அவன் பேரைச் சொல்றது?" என்றார். வயது கேட்கும் கட்டம் வரை என்னால் போக முடியவில்லை. குடிநீர், உறைவிடம் என்று துறைக்கொரு முன்னணி அமைப்பைப் பொறுப்பாக்கும் முறையை ஐ.நா. கொண்டுவந்தது 2005இல், அந்த மூதாட்டிக்கு அது பிந்திவிட்டது. நாகையிலேயே தொண்டு நிறுவனங்கள் ஆட்சியரகத்தோடு சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் அமைத்த பிறகு, எந்த ஊரில் யார் கணக்கெடுத்தார்கள் என்பதை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. அதன்பின் நான் சென்ற குப்பங்களுக்கு வெற்றுப் படிவத்தை எடுத்துச் செல்லவில்லை. முன்பு வந்தவர்கள் எழுதிய பட்டியலின் நகலை எடுத்துச் சென்றேன்.