போர்ட்டிகோவுல நிக்கிற 1948 எம்ஜி டிசி: பழைய இன்ஜினா, ஜிப்சி இன்ஜினா?

ரைட்டர் பேரன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தா ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட்ல ரைட்டரா இருந்தவர். அந்த எஸ்டேட் வண்டி, இங்கிலாந்துல செஞ்ச எம்ஜி டிசிங்கற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், காபி குடோனை ஒட்டின ஷெட்ல முப்பது வருஷமா சும்மா கிடந்துச்சு. போன தை மாசம் முதலாளி வீட்டுல கூப்பிட்டு, "உங்க தாத்தாதான் இதைத் தொடைச்சுத் தொடைச்சு வெச்சிருப்பார், நீயே கொண்டு போப்பா"ன்னு பேருக்கு ஒரு தொகை வாங்கிட்டுக் குடுத்துட்டாங்க. இப்ப சேலம் அஸ்தம்பட்டியில எங்க வீட்டு போர்ட்டிகோவுல நிக்குது. வண்டி பதினொன்றரை அடி நீளம்தான், அகலம் அஞ்சு அடி கூட இல்ல. அதனால சுத்தி வர இடம் இருக்கு. அம்மாவோட ஸ்கூட்டி மட்டும் வெயில்ல நிக்குது, அது தனிப் பஞ்சாயத்து.

நிலவரம்: சேஸிஸ் திடமா இருக்கு, மேல் துருதான். உடம்புக்கு உள்ள இருக்கற மரச்சட்டத்துல இடது கதவுத் தூண் கைய வெச்சா புட்டு மாதிரி உதிருது. 1250 சிசி இன்ஜின் இறுகிக் கிடந்துச்சு. பிளக் ஓட்டையில ஆயில் ஊத்தி ரெண்டு வாரம் ஊற விட்டு, நேத்து கைப்பிடி போட்டுத் திருப்பினேன், சுத்துது. இதையே பிரிச்சு சரி பண்ணலாமா, இல்ல மாருதி ஜிப்சி ஜீப்போட இன்ஜின் போட்டு முன்னாடி டிஸ்க் பிரேக்கும் மாட்டிடலாமா? வேலை எல்லாம் வீட்டுலயேதான்.

ஜிப்சிக்காரன்:
யோசிக்கவே வேணாம் தம்பி, இன்ஜினை மாத்து. அதுல புதுசா இருந்தப்பவே 54 குதிரைசக்திதான். ஜிப்சி கிங்ல 80. பார்ட்ஸ் அஞ்சு ரோட்டுல இறங்கினா கைக்குக் கிடைக்கும். இன்னொண்ணு, ஜிப்சி கிங்கோட மாடல் பேரே எம்ஜி413தான். எம்ஜிக்கு எம்ஜி, ஜாதகப் பொருத்தம் பக்காவா இருக்கு!

சேர்வராயன்:
தம்பி, அவசரப்படாதீர்கள். நான் ஏற்காட்டிலேயே வளர்ந்தவன். இந்த வண்டிகள் இரண்டு மூன்று இங்கே ஓடியதைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். எம்ஜி டிசி 1945 முதல் 1949 வரை மட்டும் வந்தது, மொத்தமே பத்தாயிரம் வண்டிதான். அதில் ஒன்று உங்கள் வாசலில் நிற்கிறது. அதன் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டால் மீதி இருப்பது என்ன? எம்ஜி சட்டை போட்ட ஜிப்சி.

சட்டமும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனப் பதிவுக்கு விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டியாக இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், எண்ணில் "விஏ" என்று வரும். நீங்கள் ஜிப்சி இன்ஜின் போட்ட அன்றே அந்தக் கதவு மூடிவிடும்.

ஜிப்சிக்காரன்:
ஐயா, அந்தப் பதிவுல தினசரி ஓட்டவே கூடாதே. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு போயிட்டு வரலாம், அவ்வளவுதான். வண்டிங்கறது ஓட்டறதுக்கா, திருஷ்டி பொம்மை மாதிரி வாசல்ல நிறுத்தறதுக்கா?

சூரமங்கலம்வாசி:
ரெண்டு பேருமே ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. வீட்டுல பண்ணலாமாங்கறதுதான் முதல் கேள்வி. என்கிட்ட ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இருக்கு, நம்ம மெட்ராஸ்ல செஞ்ச வண்டி. 2016ல "ஆறு மாசத்துல முடிச்சிடலாம்"னு பிரிச்சேன். ஹெரால்டுல பானட்டும் முன்பக்க மட்கார்டும் ஒரே துண்டா முன்னாடி சாயும், தெரியுமில்ல? அந்தத் துண்டைக் கழட்டி மொட்டை மாடியில வெச்சேன். அன்னிலேர்ந்து அது மேல எங்க வீட்டம்மா வத்தல் காயப் போடறாங்க. நடுவுல பொறுக்க முடியாம மீதி வண்டியை வெளியூர்ல ஒரு ஒர்க்ஷாப்புல விட்டேன், பேரு வேணாம். பதினாலு மாசம் கழிச்சு பளபளன்னு வந்துச்சு. காந்தம் வெச்சுப் பார்த்தா பாதி இடத்துல ஒட்டவே இல்ல, எல்லாம் பட்டி. ஒர்க்ஷாப்புல விட்டாலும் ஆபத்து, வீட்டுல பிரிச்சாலும் ஆபத்து. பிரிக்காம துணி போட்டு மூடி வைங்கங்கறதுதான் என் கருத்து.

கொண்டலாம்பட்டி லேத்:
சூரமங்கலம் அண்ணா சொல்றதுல அனுபவம் இருக்கு, ஆனா முப்பது வருஷம் மூடி வெச்சதாலதான் அந்தத் தூண் புட்டாச்சு. இன்னொரு முப்பது வருஷம் மூடினா சட்டமே இருக்காது.

நம்ம பட்டறைக்கு இந்த ரக இன்ஜின் ஒண்ணு முன்னாடி வந்துச்சு. அதுல ஒரு கோளாறு இருக்கு, தம்பி கேட்டுக்கோங்க. போல்ட்டுக்குத் தலை விட்வொர்த்ங்கற பழைய இங்கிலாந்து அளவு, மரை மில்லி மீட்டர். இங்கிலாந்து வண்டிதானேன்னு இன்ச் அளவு மரை வெட்டற டேப் போட்டா மரை போச்சு. மில்லி மீட்டர்லயும் 8 மில்லிக்கு இன்னிக்குக் கடையில வர்ற 1.25 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) கிடையாது, 1 மில்லி பிட்ச். எங்க பையன் ஒருத்தன் 1.25 போல்ட்டை வெச்சு அழுத்தித் திருப்பி, பிளாக்குல மரையைச் சுத்தமா தின்னுட்டான். அதனால கழட்டற ஒவ்வொரு போல்ட்டையும் எந்த ஓட்டையில இருந்து வந்துச்சுன்னு எழுதி அட்டையில குத்தி வைங்க. பாலிதீன் பையில மொத்தமா கொட்டினீங்க, கதை முடிஞ்சுது.

கிராங்க் அரைக்கறது, போரிங் எல்லாம் சேலத்துலயே நடக்கும். பிரிச்சு அளக்கறதுக்கு முன்னாடியே எறியறது அவசரம்.

ஜிப்சிக்காரன்:
மரச்சட்டத்துக்கு என்ன பண்றதா உத்தேசம்? அது ஆஷ் மரம், இங்க எங்க போவீங்க? ஸ்டீல் ஸ்கொயர் ட்யூப் வெல்ட் பண்ணிடுங்க. ஸ்டீல் பிளான்ட் இருக்கற ஊர்ல மரத்தைத் தேடுவானேன்.

சேர்வராயன்:
அந்த ஆலை செய்வது ஸ்டெயின்லெஸ் தகடு ஐயா, கார் சட்டம் இல்லை.

ரைட்டர் பேரன்:
எஸ்டேட்ல நிழலுக்கு வெச்ச சில்வர் ஓக் வெட்டினது கிடக்கு, இலவசமா தர்றாங்க. அது ஆகுமா?

கொண்டலாம்பட்டி லேத்:
ஆகாதுங்க. பேர்ல ஓக் இருக்கு, அவ்வளவுதான். பிளைவுட்டுக்கும் பெட்டிக்கும் போற மரம், ஸ்க்ரூ பிடிப்பு நிக்காது. நாமக்கல்ல லாரி பாடி கட்டற பழைய ஆசாரிகள் இன்னும் இருக்காங்க, அவங்களைப் பிடிங்க. தேக்குல அடிச்சுத் தருவாங்க. தேக்கு ஆஷ் அளவுக்கு வளையாது, ஆனா கரையான் தொடாது. ஒண்ணு மட்டும்: தேக்குல எண்ணெய்ப் பசை உண்டு. மூட்டுல எபாக்ஸி வைக்கறதுக்கு முன்னாடி தின்னர் போட்டுத் துடைச்சு உடனே ஒட்டணும், இல்லைன்னா ஆறு மாசத்துல கழண்டுக்கும். பழைய துண்டு எவ்வளவு உளுத்திருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. அச்சு பாக்க அது ஒண்ணுதான் இருக்கு.

ரைட்டர் பேரன்:
மூணு வாரம் ஆச்சு. இடது தூணை முழுசா எடுத்தாச்சு. உள்ள எலி கூடு கட்டியிருக்கு. பஞ்சு இல்ல, முழுக்க முழுக்க காபிக் கொட்டையோட உமி. கையில எடுத்து மோந்து பார்த்தேன், குடோன் வாசனை அப்படியே இருக்கு. ஒரு பிடி டப்பாவுல போட்டு வெச்சிருக்கேன்.

அப்புறம் இன்ஜினோட மேல் மூடி, அதான் ஹெட், அதைக் கழட்டினேன். வெல்டிங்ல கீறல் இருக்கான்னு செக் பண்ற சிவப்பு ஸ்ப்ரே இருக்குல்ல, அதை அடிச்சு, பத்து நிமிஷம் விட்டு, சுத்தமா துடைச்சு, மேல வெள்ளைப் பவுடர் ஸ்ப்ரே அடிச்சேன். முதல்ல ஒண்ணும் தெரியல. டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா மூணாவது சிலிண்டர்ல ரெண்டு வால்வு உக்கார்ற சீட்டுக்கு நடுவுல தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்திருக்கு. அந்த ராத்திரி சாப்பாடு இறங்கல. பிளாக்குல கோடு எதுவும் இல்ல.

ஜிப்சிக்காரன்:
நான் அன்னிக்கே சொன்னேன்.

கொண்டலாம்பட்டி லேத்:
நீங்க அன்னிக்குச் சொன்னது இன்ஜினைப் பத்தி, போனது ஹெட். தம்பி, இந்த இன்ஜினுக்கு அந்த எடத்துல கீறல் விடறது புதுசில்ல. கொண்டு வாங்க, சீட்டைக் கடைஞ்சு எடுத்துட்டு புது வளையம் (இன்செர்ட்) போட்டா கோடு அதுக்குள்ளயே போயிடுமான்னு பார்க்கலாம். ஆழம் அதிகம்னா வேற ஹெட் வரவழைக்கணும். கார்புரேட்டரையும் இப்பவே பிரிச்சு வைங்க. இதுல இருக்கற எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர்ல ஜெட்டுக்கு கார்க் சீல், ட்யூபெல்லாம் பழைய ரப்பர். பங்க்ல வர்றது இ20, எத்தனால் 20 சதவீதம். பழைய ரப்பர் அதுல ஊறிக் கூழாயிடும்.

ஜிப்சிக்காரன்:
சரி, இன்ஜினை விட்டுடறேன். பிரேக்கை விடமாட்டேன். இது விளையாட்டில்ல. நாலு சக்கரத்துலயும் 9 இன்ச் டிரம். ஏற்காட்டுல இருந்து இறங்கினா 20 கொண்டை ஊசி. டிரம் சூடாச்சுன்னா பெடல் இருக்கும், பிரேக் இருக்காது.

சேர்வராயன்:
துரைமார்கள் அதே டிரம்மை வைத்துத்தான் வாரம் இரண்டு முறை இறங்கினார்கள். இரண்டாவது கியரில் போட்டுக் காலை எடுத்துவிடுவார்கள். இன்ஜினே பிடிக்கும்.

ஜிப்சிக்காரன்:
ஐயா, அந்தக் காலத்துல மலையில எத்தனை வண்டி? இப்ப மே மாச ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க. முன்னாடி ஒரு பஸ் திரும்ப முடியாம ரிவர்ஸ் எடுக்கும், பின்னாடி பத்து கார் ஹார்ன் அடிக்கும். நினைச்ச இடத்துல நிறுத்தி டிரம்மை ஆற வைக்க முடியாது. அதுலயும் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியரை உரசாம விழ வைக்கற அமைப்பு, கிடையாது. வளைவுல ரெண்டாவது பத்தலைன்னா டபுள் கிளட்ச் போட்டு, அதாவது கிளட்சை ரெண்டு தடவை மிதிச்சு, இறக்கணும். இந்தத் தம்பிக்குத் தெரியுமா?

சேர்வராயன்:
இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கூட்டம் நீங்கள் சொல்வதுபோல்தான் இருக்கிறது. என் மகனே சனி, ஞாயிறில் மலையிலிருந்து இறங்குவதில்லை.

ரைட்டர் பேரன்:
டபுள் கிளட்ச் தெரியாதுங்க. லாரி ஓட்டின மாமா ஒருத்தர் இருக்கார், அவர்கிட்டக் கத்துக்கணும். முடிவு இப்படி: இன்ஜின் இதேதான். பிரேக் டிரம்மாவே இருக்கட்டும், ஆனா பிரேக் சிலிண்டர் எல்லாத்துக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ், புது ஹோஸ், புது ஆயில். முதல் ஒரு வருஷம் அடிவாரத்தைத் தாண்டறதில்ல. அப்புறம் ஏறினா வார நாள்ல விடியக்காலை அஞ்சரைக்குத்தான்.

சூரமங்கலம்வாசி:
ஆறு மாசத்துல முடிச்சிடுவீங்களா?

ரைட்டர் பேரன்:
மாசக் கணக்கே சொல்லலீங்களே அண்ணா. ஞாயித்துக்கிழமை காலையில உடம்பை சேஸிஸ்ல இருந்து தூக்கறோம். நாலு பேர் வேணும், மூணு பேர்தான் இருக்கோம்.

ஜிப்சிக்காரன்:
எத்தனை மணிக்கு?