இத்தாலியில் படிப்பும் பணிக்காலப் பயிற்சியும்: உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

திரியைத் தொடங்குபவர், டூரின்

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியில் பட்டப்படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்தவர்கள், தாங்கள் எதில் சேர்ந்தார்கள், அங்கே தங்களை யார் எப்படி மதிப்பிட்டார்கள், கையில் கிடைத்த சான்றிதழ் அடுத்து எதற்குத் தகுதி தந்தது என்பதை இங்கே எழுதுமாறு வேண்டுகிறேன். இம்மூன்றில் கடைசிக் கேள்வியையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒவ்வொரு சான்றிதழும் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பது இந்நாட்டில் சட்டத்திலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் வெளியிலிருந்து வருபவருக்கு அது சேர்க்கைக்கு முன்னால் தெரிவதில்லை.

நான் சென்னையில் பொறியியல் முடித்த பிறகு டூரினில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். இங்குள்ள பல்கலைக்கழகப் படிப்பு 1999ஆம் ஆண்டு அமைச்சக ஆணையால் மூன்றாண்டு, அதன்மேல் இரண்டாண்டு எனப் பிரிக்கப்பட்டு, 2004இல் திருத்தம் பெற்றது. மூன்றாண்டு லௌரேயாவுக்கு 180 கிரெடிட்டுகள். இரண்டாண்டு லௌரேயா மஜிஸ்த்ராலேவுக்கு 120. பொதுவாக ஒரு கிரெடிட் என்பது 25 மணி நேர உழைப்பைக் குறிக்கும். வகுப்பில் இருக்கும் நேரமும் தனியாகப் படிக்கும் நேரமும் சேர்ந்ததே அந்தக் கணக்கு. மருத்துவம், சட்டம், மருந்தியல் போன்றவை மட்டும் இப்படிப் பிரியாமல் ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் ஒரே தொடராக நடக்கின்றன.

என்னை மிகவும் பாதித்தது தேர்வு முறைதான். ஒரு பாடத்துக்கு ஆண்டில் ஒரே ஒரு தேர்வு என்றில்லாமல், ஜனவரி-பிப்ரவரியிலும் ஜூன்-ஜூலையிலும் செப்டம்பரிலும் அப்பெல்லோ எனப்படும் தேர்வு நாள்கள் அறிவிக்கப்படுகின்றன. எந்த நாளில் எழுதுவது என்பதை மாணவரே முடிவு செய்து பதிவு செய்துகொள்கிறார். மதிப்பெண் 30க்கு, 18 வாங்கினால் தேர்ச்சி. பல பாடங்களில் பேராசிரியருக்கு எதிரே அமர்ந்து வாய்மொழியாக விடை சொல்ல வேண்டும். இத்தேர்வுகள் சட்டப்படி பொதுவில் நடப்பவை என்பதால் அடுத்து வரவிருக்கும் மாணவர்கள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் முதல் வாய்மொழித் தேர்வில் எனக்கு முன்னால் சென்ற மாணவிக்குப் பேராசிரியர் 24 தருவதாகச் சொன்னார். அவர் சற்று யோசித்து, அந்த மதிப்பெண்ணைத் தாம் ஏற்கவில்லை என்றும் அடுத்த அப்பெல்லோவுக்கு வருவதாகவும் பணிவாகக் கூறினார். பேராசிரியரும் முகம் சுளிக்காமல் தலையசைத்து அனுப்பிவைத்தார். கிடைத்த மதிப்பெண்ணை மறுக்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். விடைத்தாளை யார் திருத்தினார் என்பதே தெரியாமல் படித்து வந்த எனக்கு, மதிப்பிடுபவரும் மதிப்பிடப்படுபவரும் எதிரெதிரே அமர்ந்து காரணத்தோடு பேசுவது மிகுந்த மரியாதைக்குரிய ஏற்பாடாகத் தோன்றியது. இப்போதும் அப்படியே எண்ணுகிறேன்.

இம்முறையால் படிப்பு நீள்வதும் உண்டு. உரிய ஆண்டுகளில் முடிக்காதவர் ஃபுவோரி கோர்சோ என்ற நிலைக்குச் சென்றுவிடுகிறார். அவரை வெளியேற்றிவிடுவதில்லை, ஆனால் கட்டணமும் உதவித்தொகைத் தகுதியும் மாறிவிடுகின்றன.

கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வருமானத்தையும் சொத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இசே என்ற அளவுகோல் உண்டு. நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு அதற்கு இணையான கணக்கை வரிச் சேவை மையங்களில் செய்து தருகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரு வரம்புக்குக் கீழே கட்டணமே இல்லை என்று 2016ஆம் ஆண்டின் இறுதியில் வந்த சட்டம் விதித்தது. முதலில் 13,000 யூரோவாக இருந்த அவ்வரம்பு பின்னர் 22,000 ஆக உயர்த்தப்பட்டது. விடுதி, உணவகம், உதவித்தொகை ஆகியவற்றைப் பெரும்பாலான பிராந்தியங்களில் பல்கலைக்கழகம் தருவதில்லை. பிராந்திய அரசின் தனி அமைப்பு தருகிறது. எங்கள் பியெமோந்தேயில் அது எதிசு. திறமையுள்ளவர் வசதியற்றவராயினும் கல்வியின் உச்சப் படிகளை அடையும் உரிமை உடையவர் என்று இத்தாலிய அரசியலமைப்பின் 34ஆம் பிரிவு சொல்கிறது. எதிசு உணவகத்தில் வரிசையில் நின்ற நாள்களில் அப்பிரிவின் பொருள் எனக்கு நன்றாகவே விளங்கியது.

உறுப்பினர், போலோன்யா

திரி தொடங்கியவரின் மூன்றாவது கேள்விக்கு, என்னுடன் ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பருக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

அவர் ஊரில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர். ஊரிலிருந்த ஒரு முகவர் நிறுவனம், இத்தாலியில் ஓராண்டில் முதுநிலை முடித்துவிடலாம், அதன்பின் நேராக முனைவர் ஆய்வில் சேரலாம் என்று சொல்லி, முதல்நிலை மாஸ்டர் என்ற படிப்பில் அவரைச் சேர்த்துவிட்டது. 60 கிரெடிட்டுகள் கொண்ட அந்தப் படிப்பு தரமானதுதான்; தொழில்துறையிலிருந்து வந்தவர்கள் பாடம் நடத்தினார்கள், ஒரு நிறுவனத்தில் பயிற்சியும் கிடைத்தது. ஆனால் அது 3+2 வரிசைக்கு வெளியே, பணித்திறனை வளர்ப்பதற்காக அமைந்த படிப்பு. லௌரேயா பெற்றவர் முதல்நிலை மாஸ்டரிலும், மஜிஸ்த்ராலே பெற்றவர் இரண்டாம்நிலை மாஸ்டரிலும் சேரலாம். முதல்நிலை மாஸ்டர் எவ்வளவு சிறப்பாக முடித்தாலும் அது மஜிஸ்த்ராலேவுக்கு ஈடாகாது. தொத்தொராத்தோ எனப்படும் முனைவர் ஆய்வுக்குத் தகுதி தராது. ஆய்வுக்கான அறிவிப்பில் மஜிஸ்த்ராலே அல்லது அதற்கு இணையான வெளிநாட்டுப் பட்டம் வேண்டும் என்ற வரியைப் படித்தபோது அவர் அடைந்த வேதனையை அருகிலிருந்து பார்த்தேன். சேமிப்பு முழுவதையும் அதற்காகச் செலவிட்டிருந்தார்.

துறை அலுவலகத்தில் இருந்த ஒரு பெண்மணி பொறுமையோடு விளக்கிய பிறகு அவர் மஜிஸ்த்ராலேவில் சேர்ந்தார். மாஸ்டரில் படித்த சில பாடங்களின் கிரெடிட்டுகளைப் படிப்புக்குழு ஏற்றுக்கொண்டது. முகவர் சொல்வதை நம்பிச் சேர இருப்பவர்கள், அப்படிப்பின் அதிகாரபூர்வ அறிவிப்பில் எத்தனை கிரெடிட்டுகள், எவ்வகைப் பட்டம் என்ற இரண்டையும் தாமே படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

1088ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டாடும் பல்கலைக்கழகம் உள்ள ஊர் இது. மாணவர்களே கூட்டமைப்பாகச் சேர்ந்து ஆசிரியர்களை அமர்த்திய மரபிலிருந்து வளர்ந்தது அது. ஐரோப்பிய நாடுகளின் பட்டங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற அறிக்கை 1999 ஜூன் 19 அன்று கையெழுத்தானதும் இங்கேதான். ஒரே காலத்தில் இரு பட்டப்படிப்புகளில் சேரக் கூடாது என்று 1933 முதல் இருந்த தடையை 2022இல் 33ஆம் எண் சட்டம் நீக்கிவிட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இது பயன்படும்.

உறுப்பினர், பலெர்மோ

தம்பிமார் இருவரும் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நெடுங்காலமாகப் பலெர்மோவில் வாழ்பவள். இங்குள்ள எங்கள் ஆட்களில் பலர் வீட்டுவேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் இருப்பதை அறிவீர்கள். நானும் ஒரு மூதாட்டியின் வீட்டில் அவரைப் பராமரித்து வந்தேன். அவர் வைத்தியசாலையில் இருந்தபோது அங்கு பணியாற்றிய ஓஸ் எனப்படும் பராமரிப்பு உதவியாளர்களின் வேலையைக் கவனித்தேன். நான் வீட்டில் செய்த அதே வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆனால் அவர்களிடம் சான்றிதழ் இருந்தது, நிரந்தர வேலை இருந்தது.

அந்தக் கற்கைநெறிக்குக் கட்டாயப் பாடசாலைக் கல்வியை முடித்த சான்று தேவை. ஊரில் படித்த பத்திரங்கள் போரில் அழிந்துவிட்டன. அதனால் வளர்ந்தோருக்கான அரச கல்வி நிலையமான சிபிஐஏயில், லிச்சென்சா மேதியா என்ற இடைநிலைச் சான்றுக்காக மாலை வகுப்பில் சேர்ந்தேன். 400 மணித்தியாலங்கள் கொண்ட பாடத்திட்டம் அது. என் வகுப்பில் வங்காளதேசத்தவர், கானா நாட்டவர், சிறுவயதில் பள்ளியை விட்ட சிசிலிக்காரர் எனப் பலரும் இருந்தார்கள். எனக்குப் படிப்பித்த ஆசிரியை, 1973இல் உலோகத் தொழிலாளர் தங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு 150 மணித்தியாலக் கல்வி விடுப்பைப் பெற்ற வரலாற்றை ஒருநாள் சொன்னார். தொழிற்சாலையில் வேலை முடித்து வந்த ஆண்களும் பெண்களும் எங்களைப் போலவே சிறிய மேசைகளில் அமர்ந்து இதே சான்றைப் பெற்றார்கள் என்றும், வளர்ந்தோர் கல்வி இந்நாட்டில் அவர்களால்தான் வேரூன்றியது என்றும் அவர் கூறியபோது, அந்த வகுப்பறையில் எனக்கிருந்த கூச்சம் போய்விட்டது.

ஓஸ் பயிற்சி 1,000 மணித்தியாலங்கள். 2001 பெப்ரவரியில் மத்திய அரசும் பிராந்தியங்களும் செய்துகொண்ட உடன்பாட்டில் இந்த அளவு தீர்மானிக்கப்பட்டது. அதில் 450 மணித்தியாலம் வைத்தியசாலையிலும் பராமரிப்பு இல்லங்களிலும் நேரடிப் பயிற்சி. பத்து வீதத்துக்கு மேல் வராமல் இருந்தால் இறுதிப் பரீட்சையில் அமர முடியாது. இதை மிகக் கண்டிப்பாகப் பார்த்தார்கள், அது நியாயமென்றே நினைக்கிறேன். படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. இத்தாலியில் தொழிற்பயிற்சி பிராந்தியங்களின் பொறுப்பு. ஆகவே கற்கைநெறியைத் தனியார் நிலையம் நடத்தினாலும், சிசிலிப் பிராந்திய அரசின் அங்கீகாரம் அந்த வகுப்புக்கு உண்டா என்று ஆணை எண்ணைக் கேட்டுப் பார்த்த பின்பே சேர வேண்டும். அங்கீகாரம் பெற்ற சான்று நாடு முழுவதும் செல்லுபடியாகும்.

திரியைத் தொடங்குபவர், டூரின்

அக்கா, மனமார்ந்த நன்றி. ஒரு கேள்வி: ஓஸ் சான்று பெற்றவர் அதிலிருந்து மேலே படித்துச் செவிலியர் ஆக முடியுமா?

உறுப்பினர், பலெர்மோ

நேராக முடியாது தம்பி. தாதியாவதற்குப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு லௌரேயா படிக்க வேண்டும். அதற்கு உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமாவும் நுழைவுப் பரீட்சையும் தேவை. என் மகள் அந்த வழியில் சென்றவள். அவளுடைய 180 கிரெடிட்டுகளில் 60 நேரடி வைத்தியசாலைப் பயிற்சிக்கு உரியவை. இறுதிப் பரீட்சையே தொழில் செய்யும் அனுமதியையும் தந்தது. அதன்பிறகு தாதியர் மன்றமான ஓர்தினேயில் பெயரைப் பதிந்தாள்.

படிப்பு அதோடு முடியவில்லை. வைத்தியர், தாதியர் முதலிய சுகாதாரத் தொழிலர் அனைவரும் மூன்றாண்டுகளுக்கு 150 என்ற அளவில் ஈசீஎம் எனப்படும் தொடர்கல்விக் கிரெடிட்டுகளைச் சேர்க்க வேண்டும்; 2002 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது. இரவுக் கடமை முடித்துவந்து அவள் கணினி முன்னால் அமர்ந்து தொற்றுக் கட்டுப்பாடு பற்றிய பாடத்தைப் படிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கடமை இல்லை, ஏனெனில் ஓஸ் அந்தத் தொழிற்பட்டியலில் சேரவில்லை. நோயாளியின் உடலை நாள் முழுதும் தொட்டுப் பராமரிக்கும் எங்களுக்கும் அத்தகைய தொடர்கல்வி கட்டாயமாக வேண்டும் என்பதே என் கருத்து.

உறுப்பினர், மோதெனா

பலெர்மோச் சகோதரி 1973ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டது என்னை எழுதத் தூண்டியது. நான் அதே உலோகத் தொழில் ஒப்பந்தத்தின் கீழ் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். 2016 நவம்பரில் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தத்தில், மூன்றாண்டுகளுக்கு 24 மணி நேரப் பயிற்சி ஒவ்வொரு தொழிலாளருக்கும் தனிப்பட்ட உரிமையாகச் சேர்க்கப்பட்டது. நான் அதைக் கொண்டு கட்டுப்பாட்டு நிரலாக்க வகுப்புக்குச் சென்றேன். மேலாளர் தாமாக அழைத்து அனுப்பவில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் கேட்டு, எழுத்தில் விண்ணப்பித்த பிறகே அனுப்பினார்கள்.

எங்கள் தொழிற்சாலையின் வடிவமைப்பாளர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் ஐடிஎஸ் அகாடமியில் பாடம் நடத்தச் செல்வார்; அவருக்கு உதவியாக நானும் சில வகுப்புகளுக்குச் சென்றிருக்கிறேன். பள்ளிகள், நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், உள்ளாட்சிகள் சேர்ந்து அறக்கட்டளையாக நடத்தும் உயர்நிலைத் தொழில்நுட்பக் கல்வி இது. 2022ஆம் ஆண்டின் 99ஆம் எண் சட்டப்படி இரண்டாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 1,800 மணி நேரம். அதில் 35 விழுக்காடாவது நிறுவனத்தில் பயிற்சி. பாட நேரத்தில் 60 விழுக்காடாவது வேலையுலகிலிருந்து வருபவர்கள் நடத்த வேண்டும். நான் கண்ட ஒரு மாணவர் பல்கலைக்கழகப் பொறியியலை முதல் ஆண்டிலேயே விட்டுவிட்டு வந்தவர். பலகையில் வெறும் சமன்பாடாக இருந்தவரை அவருக்குப் பிடிபடாத முறுக்குவிசை, எங்கள் பட்டறையில் ஒரு பற்சக்கரப் பெட்டியைப் பிரித்துப் பூட்டிய வாரத்தில் தெளிவாகிவிட்டது. இன்று அவர் எங்களுடன் பணிபுரிகிறார். ஐடிஎஸ் படிப்பு பல்கலைக்கழகப் பட்டம் அல்ல. பின்னர் லௌரேயாவில் சேர விரும்பினால் எத்தனை கிரெடிட்டுகள் ஏற்கப்படும் என்பது அந்தப் பல்கலைக்கழகத்துடன் உள்ள உடன்பாட்டைப் பொறுத்தது. இருந்தாலும், கையால் செய்து அறிவை அடைபவர்களுக்கு இந்நாட்டில் இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் காணவில்லை.

பதிவு பெற்ற பொறியாளர், வழக்கறிஞர், இதழாளர் போன்றோருக்கு 2012ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தொடர்கல்வியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பொறியாளர் ஒருவரின் கணக்கிலிருந்து ஆண்டு முடிவில் 30 கிரெடிட்டுகள் கழிக்கப்படும். இருப்பு 30க்குக் கீழே போனால் கையொப்பமிட்டுத் தொழில் செய்ய முடியாது.

பட்டமோ மன்றப் பதிவோ இல்லாத சாதாரணத் தொழிலாளருக்கும் பணம் இருக்கிறது என்பதைப் பலர் அறியவில்லை. நிறுவனம் சமூகக் காப்பு நிறுவனமான இன்ப்ஸுக்குச் செலுத்தும் தொகையில், ஊதியத்தின் 0.30 விழுக்காட்டுக்குச் சமமான பகுதி பயிற்சிக்கு உரியது. 2000ஆம் ஆண்டின் 388ஆம் எண் சட்டம், அதை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இணைந்து நடத்தும் நிதியங்களுக்குத் திருப்பிவிட நிறுவனங்களை அனுமதிக்கிறது. ஃபோந்திம்ப்ரேசா, ஃபோர்தே ஆகியவை அவ்வகை நிதியங்கள். உங்கள் நிறுவனம் எந்த நிதியத்தில் சேர்ந்திருக்கிறது, நடப்பாண்டில் அதில் பயிற்சித் திட்டம் ஏதேனும் உள்ளதா என்ற இரண்டையும் பணியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். ஐந்தாண்டுகள் ஒரே நிறுவனத்தில் பணியாற்றியவர், 2000ஆம் ஆண்டின் 53ஆம் எண் சட்டப்படி, பணிக்காலம் முழுவதிலும் சேர்த்து 11 மாதங்கள் வரை ஊதியமில்லாக் கல்வி விடுப்புக் கேட்கலாம். பட்டப்படிப்பை நடுவில் விட்டவர்களும் பள்ளிச் சான்றே இல்லாதவர்களும் இதைக் கொண்டு மீண்டும் படிக்கலாம் என்று அச்சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.