‘மாற்று’ என்ற அடை வேண்டுமா? பூச்சிகள் தங்கும் களைகளுக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர், வணக்கம்.

பயிரில்லாத காலத்தில் பயிர்ப்பூச்சிகள் அண்டி வாழும் களைகளுக்கும் புற்களுக்கும் ‘காட்டு ஓம்புச்செடி’, ‘மாற்று விருந்தோம்பி’ என இரு கலைச்சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. இவற்றுள் ‘காட்டு ஓம்புச்செடி’ என்பது காவிரி டெல்டாவுக்குச் சற்றும் ஒட்டாது. இந்தக் களைகள் காட்டில் இல்லை. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தரிசிலும் நிற்பவை. அருகம்புல்லையும் கோரையையும் செடி என்று இங்கு எவரும் சொல்வதுமில்லை.

‘மாற்று விருந்தோம்பி’யில் எனக்குள்ள தடை வேறு. ‘மாற்று’ என்றால் நெல்லே முதன்மை என்றாகிறது. மேட்டூர் அணை வழக்கம்போல் சூன் 12 அன்று திறந்து சனவரி 28 அன்று மூடப்படும் ஆண்டுக்கு அது பொருந்தலாம். வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016 போன்ற ஆண்டில் வயல் வெறுமையாகக் கிடக்க, பூச்சிக்குக் களையே முதல் உணவாகிவிடுகிறது.

அந்தக் களையும் ஒரே சீராகத் தாக்குப்பிடிப்பதில்லை. நெல் பால்பிடிக்காத நாட்களில் கதிர்நாவாய்ப்பூச்சி வரப்புப் புற்களின் இளமணிகளை உறிஞ்சி வாழ்கிறது. புல் மணி பிடிக்காமலே காய்ந்தால் அதன் தொகை குறையும், ஆனால் எஞ்சியவை அக்கம்பக்கத்தில் முந்திக் கதிர்விட்ட பம்புசெட் வயலில் குவிய வாய்ப்புண்டு. ஆழ வேரோடும் துத்தியோ பசுமை மாறாமல் நின்று, உளுந்துக்கு மஞ்சள் தேமல் நோயைக் கடத்தும் வெள்ளை ஈக்கு இடங்கொடுக்கக் கூடும். நீர் குறைந்த செடியின் சாற்றில் அமினோ அமிலங்கள் கூடுவதால் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு ஊட்டம் மிகும் என்பது உண்மையே. எனினும் வறட்சி இடைவிடாது நீடித்தால் திசுக்களின் விறைப்பு தளர்ந்து சாற்றை உறிஞ்சுவதே கடினமாகும் என்பதால், நடுவே ஒரு மழை பெய்யும் விட்டுவிட்ட வறட்சியே அவற்றுக்கு அதிகம் உதவும் என்று கருதப்படுகிறது. களை காய்ந்தால், அதே களைகளில் ஒதுங்கிப் பயிர்ப்பூச்சிகளை அழிக்கும் சிலந்திகளும் ஒட்டுண்ணிக் குளவிகளும் புகலிடம் இழப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு மாறும் உறவை முதன்மை, மாற்று என்று பெயரிலேயே முடிவுகட்டுவது தவறு. தன் வாழ்க்கைச் சுழற்சியை நிறைவுசெய்ய இரண்டாவது தாவரத்தைக் கட்டாயம் நாடும் துருப்பூஞ்சைகளுக்கு ‘மாற்று’ என்பதை ஒதுக்கிவிடலாம்.

என் பரிந்துரை ‘தன்வளர் ஓம்புயிர்’. ‘ஓம்புயிர்’, அதாவது வேறோர் உயிருக்கு இடமும் உணவும் தரும் உயிர், என்பது உயிரியலில் முன்பே பழகிய சொல். ‘தன்வளர்’ என்பது எவரும் பயிரிடாமல் வளர்ந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அறுவடைக்குப் பின் தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பை இதில் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. அது பயிரின் எச்சம். அதற்குத் தனிப்பெயர் முன்பே இருக்கிறது.