பிஎச்பி: லாகின் ஆனதும் செஷன் காலியாகிறது

கேள்வி: பிஎச்பி 8.2 (இணையதளம் எழுதும் நிரல் மொழி). லாகினில் பயனர் எண்ணை செஷனில் (பக்கம் மாறினாலும் பயனரை நினைவில் வைக்க சர்வர் சேமிக்கும் தகவல்) வைத்து முகப்புக்கு ரீடைரக்ட் செய்கிறேன். அங்கே செஷன் காலி அர்ரே, உள்ளே எதுவும் இல்லை. லோக்கலில் (என் கணினியில்) ஓடுகிறது, சர்வரில் மட்டும் இப்படி. எங்கே தேடுவது?

பதில் 1: இரண்டு கோப்பிலும் செஷன் ஸ்டார்ட் கட்டளை முதல் வரியில் இருக்கிறதா? அதற்கு முன் ஒரு வெற்று வரி வெளியானாலும் ஹெடர் (பக்கத்துக்கு முன்னால் போகும் தகவல்) கிளம்பிவிடும், குக்கி (செஷனை அடையாளம் காண பிரவுசர் வைத்திருக்கும் குறிப்பு) போகாது. கோப்பை பிஓஎம்-உடன் (எடிட்டர் கோப்பின் தொடக்கத்தில் சேர்க்கும் குறி) சேமித்தால் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் முன்னால் நிற்கும். லோக்கலில் அவுட்புட் பஃபரிங் (வெளியீட்டைச் சேர்த்துவைத்து அனுப்பும் அமைப்பு) 4096 பைட் என்றிருந்தால் பிழை மறைந்திருக்கும், சர்வரில்தான் பல்லிளிக்கும். எரர் லாகில் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று தேடுங்கள்.

பதில் 2: அதற்கு முன் பிரவுசரில் எஃப்12 அழுத்தி, செஷனின் அடையாள எண் இருக்கும் பிஎச்பிசெஸ்ஐடி குக்கியைப் பாருங்கள். இரு பக்கத்திலும் ஒரே மதிப்பு என்றால் செஷன் கோப்புகளைச் சேமிக்கும் சேவ் பாத் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம். மதிப்பு மாறினால் குக்கி திரும்பி வரவில்லை.

கேட்டவர்: மாறுகிறது! லாகின் முகவரியில் டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லை, ரீடைரக்ட்டில் இருக்கிறது. லாகில் எதுவும் இல்லை.

பதில் 2: அதேதான். குக்கி டொமைன் (குக்கி எந்த முகவரிக்கு என்று சொல்லும் அமைப்பு) காலியாக இருந்தால் குக்கி அந்த ஒரே ஹோஸ்டுக்குத்தான்; டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளதும் இல்லாததும் வேறு வேறு ஹோஸ்ட். சர்வரிலேயே எல்லாரையும் ஒரே முகவரிக்குத் திருப்புங்கள். ரீடைரக்ட் செய்யும் லொகேஷன் ஹெடருக்குக் கீழே எக்ஸிட் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் மீதி நிரலும் ஓடும்.