புதுப்பிப்பு: முன்வாசல் வேலை முடிந்தது

முன்வாசல் ஆள் இல்லாத வீடு மாதிரி களையிழந்து கிடக்கிறது, நானே என்ன செய்து சரிபண்ணலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். விளக்கு, கதவு, செடி என்று ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். மூன்றையும் செய்துவிட்டேன்.

பெரிய மாற்றம் விளக்கில்தான். கண் கூசவைத்த வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) எல்இடி போட்டேன். இளமஞ்சள் வெளிச்சத்தில் அதே பழைய சுவர் இதமாகத் தெரிகிறது. இரண்டே நிமிட வேலை. முதலில் இதைச் செய்யுங்கள்.

கதவுதான் பொறுமையைக் கேட்டது. உப்புத்தாளால் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, பிரைமர் (பெயின்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு) ஒரு கோட்டிங், கரும்பச்சை பெயின்ட் இரண்டு கோட்டிங். கையில் ஒட்டவில்லையே என்று அன்றிரவே கதவைச் சாத்திவிட்டேன். காலையில் திறந்தால் நிலையோடு ஒட்டி, ஓரத்தில் விரல் நீளத்துக்கு உரிந்து வந்துவிட்டது. மேலே காய்ந்தாலும் உள்ளே இறுக நாளாகும். அந்த இடத்தை மறுபடி தேய்த்துப் பூச வேண்டியதாயிற்று.

வெயில் படாத மூலையில் மணி பிளான்ட் வைத்தேன், நன்றாக இருக்கிறது. தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

அப்புறம், உள்ளே சும்மா கிடந்த நாற்காலி ஒன்றை வெளியே போட்டேன். நேற்று பக்கத்து வீட்டு அக்கா தானாகவே வந்து உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.