புதுப்பிப்பு: கனடாவா ஜெர்மனியா, தங்கை முடிவெடுத்துவிட்டாள்

தங்கையின் எம்.எஸ். படிப்புக்கு எந்த நாடு என்று முன்பு கேட்டிருந்தேனே, ஜெர்மனிதான்.

அப்பா கடைசிவரை கனடா பக்கம்தான், பெங்களூரில் எங்கள் அல்சூர் தெருவில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் 2024 நவம்பரில் கனடா அரசு, மாணவர்களுக்கான எஸ்.டி.எஸ். என்ற விரைவு விசா வழியை மூடிவிட்டது, செலவுக்குக் காட்ட வேண்டிய பணமும் கியூபெக் தவிர மற்ற இடங்களுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 22,895 கனடா டாலர், கல்விக் கட்டணம் தனி. ஜெர்மனிக்கு முடக்கக் கணக்கு (blocked account) என்ற வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டு, அங்கே போனதும் மாதம் 992 யூரோ எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமும் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, இதைக் கவனிக்காமல் அங்கேயே மூன்று இடத்துக்கு விண்ணப்பித்துவிட்டோம், நம் லட்சணம்!

அப்புறம் ஏ.பி.எஸ். சான்றிதழ், அதாவது நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மனி தரப்பில் சரிபார்த்துத் தருவது. அது இல்லாமல் இந்திய மாணவர்களுக்குப் பொதுவாக விசா கிடையாது, அதனால் முதல் வேலையாக அதற்கு விண்ணப்பியுங்கள்.

பகுதிநேர வேலை விஷயத்தில் கனடாதான் மேல், ஆங்கிலமே போதும். இவள் இப்போது வேலை முடிந்ததும் இந்திராநகர் ஜெர்மன் வகுப்புக்கு ஓடுகிறாள், வீட்டில் குக்கர் விசிலைக்கூட ஜெர்மனில்தான் எண்ணுகிறாள். அம்மாவுக்கு ஏகச் சிரிப்பு.