இன்-என்-அவுட் பர்கர் மெதுவாக வளர்ந்தது ஏன்?

கேள்வி:
1948-இல் மெக்டொனால்டு சகோதரர்கள் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் தங்கள் கடையை விரைவுச் சேவைக்கு மாற்றியமைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அதே மாநிலத்தின் பால்ட்வின் பார்க்கில் இன்-என்-அவுட் பர்கர் என்ற உணவகம் தொடங்கியது. முன்னது உலகெங்கும் பரவிவிட்டது. பின்னதோ அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையைக்கூட எட்டவில்லை. முதலீடு கிடைக்காததால் நேர்ந்ததா, அல்லது நிறுவனத்தாரே விரும்பி ஏற்ற நிலையா?

பதில் 1:
விரும்பி ஏற்றதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். இன்-என்-அவுட்டைத் தொடங்கிய ஹாரி ஸ்னைடர் விடியுமுன் சந்தைக்குப் போய் இறைச்சியையும் காய்கறியையும் தாமே பார்த்து வாங்குவார். மனைவி எஸ்தர் கணக்கு எழுதுவார். ஊழியர்கள் கார்களுக்கு அருகில் வந்து ஆர்டர் எடுப்பதே வழக்கமாயிருந்த நாளில், காரில் இருந்தபடியே ஒலிபெருக்கிப் பெட்டியில் பேசி உணவு வாங்கும் ஏற்பாட்டை ஹாரி செய்தார். இத்தனை புதுமை செய்தவர், கடை நடத்தும் உரிமையை மட்டும் வெளியாருக்கு விற்கவே இல்லை. 1976-இல் அவர் இறந்தபோது, 28 ஆண்டு உழைப்புக்குப் பிறகும், இருந்தவை 18 கடைகளே.

பதில் 2:
உரிமம் விற்காதது ஒரு காரணம் என்றால், அதைவிடப் பெரிய காரணம் இறைச்சி என்பது என் கருத்து. உறைய வைத்த இறைச்சியை இவர்கள் பயன்படுத்துவதில்லை. நிறுவனத்தின் சொந்தக் கூடத்தில் அரைத்து, வட்டமாகத் தட்டிய இறைச்சியே குளிர்சாதன லாரியில் கடைகளுக்கு வருகிறது. ஆகவே லாரி ஒரே நாளில் போய்ச் சேரும் தூரத்தில்தான் கடை திறக்க முடியும். 2011-இல் டெக்சாசுக்குள் நுழைந்தபோது டாலசில் அப்படியொரு கூடத்தையும் கட்ட வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கும் உறைய வைத்ததல்ல: முழுக் கிழங்கை வெட்டுக் கருவியில் வைத்து ஊழியர் கைப்பிடியை அழுத்த, நீள்துண்டுகள் கீழே விழுவதை வரிசையில் நிற்பவர்களே பார்க்கலாம்.

பதில் 3:
மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வளர்ச்சி எப்போதும் ஒரே வேகத்தில் இருக்கவில்லை. தந்தை இறந்ததும் 24 வயதில் பொறுப்பேற்ற ரிச் ஸ்னைடர் 1984-இல் மேலாளர்களுக்கென்று பயிற்சி நிலையம் அமைத்தார். அடுத்த கடைக்குத் தகுதியான ஆள் உள்ளிருந்தே கிடைத்ததால் விரிவாக்கம் எளிதாயிற்று என்றே கருதுகிறேன். 1992-இல் லாஸ் வேகாசில், கலிபோர்னியாவுக்கு வெளியே முதல் கடை திறந்தது. மறு ஆண்டு டிசம்பரில் ரிச் விமான விபத்தில் இறந்தபோது கடைகள் 93 ஆகியிருந்தன. அவற்றில் ஒன்றுகூட வெளியார் கையில் இல்லை.